தறி நின்ற நேரம்

போன வருஷம் மே மாதம், ஒரு மதியம் ஆபீஸில் கரண்ட் போனது. கம்ப்யூட்டர்கள் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விளக்கும் ஏசியும் மட்டும் நின்றன. ஜெனரேட்டர் எடுக்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகியிருக்கும். யாரோ “ஹோ” என்று கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். விளக்கு எரிந்தபோது நான் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரைக்கும் வந்திருந்தேன்.

பக்கத்து சீட்டுக்காரி குனிந்து பார்த்து, “என்னடி ஆச்சு?” என்றாள். “பேனா விழுந்துச்சு” என்றேன். எங்கள் ஆபீஸில் யாரிடமும் பேனா கிடையாது.

எனக்கு இருட்டென்றால் பயமில்லை. மதியம் இரண்டரை மணிக்கு, சுற்றிலும் கண்ணாடி வைத்த கட்டடத்தில் இருட்டு ஏது? ஏசியின் ரீங்காரம் சட்டென்று அறுந்ததே, அதற்குத்தான் பயந்தேன். பலருக்கும் பெரிய சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும். எனக்குச் சத்தம் நின்றால்.

திருத்தணியில் மலையின் பின்பக்கத்துத் தெரு ஒன்றில் வளர்ந்தேன். 1960 ஏப்ரல் வரைக்கும் ஆந்திராவில் இருந்து, ம.பொ.சி. முதலானவர்களின் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்த ஊர். வீட்டில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் நைனாவுக்குத் தெலுங்கு வரும். அதனால் எனக்கு இன்றைக்கும் தெலுங்குப் படம் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவு நல்ல மொழியை இப்படிச் சொல்வது அநியாயம்தான்.

நைனாவுக்கு விசைத்தறியில் வேலை. தறி அவருடையதில்லை. தெருக்கோடியில் முதலாளியின் ஷெட், அதில் எட்டுத் தறி. லுங்கி ஓடும். நைனாவின் பொறுப்பில் மூன்று. நெய்த அளவுக்குத்தான் கூலி. கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, பாட்டி சாவுக்கு என்று முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் தனியாக நிற்கும். வாரக் கூலியில் அது கழியும், ஆனால் குறையாது.

தறிச் சத்தம் கேட்டு வளராதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். எட்டுத் தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். தரை அதிரும். அலமாரியில் டம்ளர் ஒன்றோடொன்று பேசும். வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் ராத்திரி தூங்க மாட்டார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம். சத்தம் இருந்தால் நைனா ஷெட்டில் இருக்கிறார், கூலி ஏறிக்கொண்டிருக்கிறது, அம்மா முகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

2008இல் கரண்ட் பிரச்சினை ஆரம்பித்தது. எனக்கு எட்டு வயசு. தமிழ்நாடு முழுக்க இருந்த தட்டுப்பாடுதான். 2012இல் உச்சத்துக்குப் போனது. சென்னையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்றால், வெளியே பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலும் தறிதான். “அங்க கரண்ட் இருக்குதாம்” என்று ஒருநாளும், “அங்கயும் இல்லியாம்” என்று மறுநாளும் தெருவில் பேசிக்கொள்வார்கள். பெரியவர்களுக்கு அது அரசியல். யார் ஆட்சி, யார் தப்பு என்று டீக்கடையில் சண்டை நடக்கும். எனக்கு அது வேறு.

கரண்ட் போனால் தறி உடனே நிற்காது. மோட்டார் விட்ட வேகத்தில் இரண்டு அடி, மூன்று அடி அடிக்கும். இழுத்து இழுத்து, கடைசியில் ஒரு டக். அப்புறம் தெருவே காது திறந்தது மாதிரி ஆகும். மலைமேல் மைக்கில் பாட்டு, ஸ்டேஷனில் வண்டி கிளம்பும் சத்தம், யார் வீட்டிலோ குழந்தை அழுவது எல்லாம் அப்போதுதான் கேட்கும். நான் எண்ண ஆரம்பிப்பேன். ஷெட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு, நைனா நடக்கிற வேகத்துக்கு, நூற்று நாற்பது. நூற்று நாற்பதைத் தாண்டியும் செருப்புச் சத்தம் வரவில்லை என்றால் டீக்கடைக்குப் போய்விட்டார். வந்துவிட்டால், வந்துவிட்டார்.

நைனா குடிக்க மாட்டார். இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிக் கதை என்றதும் எல்லோரும் முதலில் பாட்டிலைத்தான் தேடுகிறார்கள். கை சும்மா இருந்தால் அவரால் இருக்க முடியாது, அவ்வளவுதான். பாடம் எழுதவில்லை, தம்பியை அழ வைத்தாய், குடத்தில் தண்ணீர் இல்லை, காரணம் எதுவாகவும் இருக்கலாம். தறியில் தேய்ந்துபோய்க் கழற்றிப் போட்ட தோல் வார் ஒன்று கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அம்மா இடையில் வந்து விழுவாள். சில நாள் வர மாட்டாள். வராத நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை, விடுகிறேன்.

தெருவில் யாரும் இதை அதிசயமாகப் பார்த்ததில்லை. அடியாத மாடு படியாது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அம்மா வாத்தியாரிடம், “கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடு சார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்தார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் இது. அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5ஐத்தான் 1962லிருந்து நாடு முழுக்க ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அதே வாத்தியாருக்கு ரோஜாப்பூ கொடுப்போம். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது என்பதெல்லாம் காலேஜில்தான் தெரியும். வீட்டுக்குள் நடப்பதற்கு அந்தப் பிரிவும் வராது.

2012 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கரண்ட் போனது. எண்ணினேன். நூற்று நாற்பது தாண்டியது, இருநூறும் தாண்டியது. சரி, டீக்கடை. மெழுகுவர்த்தி ஏற்றி, தம்பிக்குச் சுவரில் கையால் மான், நாய் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். நாய் குரைக்கிற மாதிரி விரலை ஆட்டினால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரித்தேன். அன்றைக்கு நைனா டீக்கடைக்குப் போகவில்லை. முதலாளியிடம் போயிருக்கிறார், அட்வான்ஸைப் பற்றி ஏதோ பேச்சாகியிருக்கிறது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. “கூத்தா நடக்குது இங்க?” என்றுதான் கேட்டது. முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கினேன்.

மறுநாள் காலையில் என்னைப் பஸ்ஸில் புத்தூருக்குக் கூட்டிப்போனது நைனாதான். எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் அப்புறம்தான் வரும், புத்தூர் கட்டுதான் முதலில். பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றினார்கள். எப்படி ஆச்சு என்று கட்டுப் போட்டவர் கேட்டார். “மலையில படி ஏறும்போது விழுந்துட்டா” என்றார் நைனா. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஜாங்கிரி வாங்கி, நானே பிடிக்க முடியாததால் அவரே பிட்டுப் பிட்டு ஊட்டினார். பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, பிரேக் போடும்போதெல்லாம் என் கட்டுக் கையைத் தன் கையில் தாங்கிக்கொண்டார். அந்த ஜாங்கிரிதான் என் குழந்தைப் பருவத்திலேயே சிக்கலான விஷயம். அடித்தவரை வெறுக்கலாம். ஊட்டினவரை என்ன செய்வது?

படியில் விழுந்துவிட்டேன் என்றுதான் ஸ்கூலில் சொன்னேன். ஹாஸ்டலில் சொன்னேன். போன வருஷம் வரைக்கும் எல்லோரிடமும் அதையே சொன்னேன். மழைக்காலத்தில் அந்த மணிக்கட்டு வலிக்கும்போது, நிஜமாகவே எந்தப் படியில் விழுந்தேன் என்று யோசிக்கிற அளவுக்கு.

மேசைக்கு அடியில் போன அன்று சாயங்காலம்தான் ஒரு மனநல ஆலோசகரைத் தேடினேன். இரண்டு வாரம் கழித்து இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் நைனாவைப் பற்றிக் கேட்பார் என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு: “சத்தம் நின்னதும் உடம்புல முதல்ல எங்க தெரியுது?” யோசிக்காமல் பதில் வந்தது. இடது மணிக்கட்டு. சொன்ன பிறகு நான் ரொம்ப நேரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். வேறு எதற்கும் இல்லை, எனக்குப் பைத்தியம் இல்லை என்று எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மூளைக்குள், காதுக்கு நேரே உள்ளே தள்ளி, பாதாம் பருப்பு அளவில் ஒன்று இருக்கிறது. பெயரே கிரேக்கத்தில் பாதாம் என்றுதான் அர்த்தம்: அமிக்டலா. ஆபத்தைக் கண்டால் மணி அடிக்கிற வேலை அதற்கு. இது ஆபத்துதானா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அது அடித்துவிடும். மணி அடித்ததும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் என்று செய்தி போய், கார்ட்டிசால் சுரக்கும். இதயம் படபடக்கும், உடம்பு ஓடத் தயாராகும். இதுவரைக்கும் எல்லோருக்கும் ஒன்றுதான். தெருநாய் துரத்தினால் உங்களுக்கும் இதுதான் நடக்கும்.

நான் கவனிக்காமல் விட்டிருந்தது அடுத்த பாதியை. சுரந்த கார்ட்டிசால் ரத்தத்தோடு திரும்ப மூளைக்கு வருகிறது. அமிக்டலாவுக்குப் பக்கத்திலேயே ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. எது எங்கே, எப்போது நடந்தது என்ற ஞாபகங்களைக் கட்டி வைக்கிற இடம். அதில் கார்ட்டிசாலைப் பிடிக்கிற ஏற்பிகள் நிறைய உண்டு. போதுமான அளவு வந்துவிட்டது என்று அவை உணர்ந்ததும், நிறுத்து என்று மேலே செய்தி போகும். சுரப்பு அடங்கும். பயம் வருவது மாதிரியே பயம் தணிவதற்கும் உடம்பில் தனி ஏற்பாடு இருக்கிறது. சின்ன வயசில் அடிபடுவது முக்கியமாகக் கைவைக்கிற இடங்களில் இந்த ஏற்பாடும் ஒன்று.

இதை நன்றாகக் காட்டியது எலிகள். கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் அவருடைய குழுவினரும் தாய் எலிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சில தாய்கள் குட்டியை நக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சில அவ்வளவாக நக்காது. நிறைய நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு, அவற்றின் ஹிப்போகேம்பஸில் அந்த ஏற்பிகள் அதிகம் இருந்தன. பயமுறுத்தினால் அவையும் பயந்தன, ஆனால் சீக்கிரம் அடங்கின. 1997இல் இது வெளிவந்தது. சரி, பரம்பரையாக இருக்குமோ என்று குட்டிகளைத் தாய் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பெற்ற தாயைப் போல் ஆகவில்லை, வளர்த்த தாயைப் போல் ஆயின. அந்த ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் ஸ்விட்சில் மெத்தில் என்ற ஒரு சின்ன வேதிக்குறி ஒட்டிக்கொள்வதும், நக்கிக் கொடுப்பதால் அது குறைவதும் 2004இல் தெரிந்தது. 2009இல் அதே மெக்கில் குழு மனித மூளையைப் பார்த்தது. தற்கொலை செய்துகொண்டவர்களில் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்கள் பன்னிரண்டு பேர், ஆளாகாதவர்கள் பன்னிரண்டு பேர், வேறு விதமாகத் திடீரென்று இறந்தவர்கள் பன்னிரண்டு பேர். முதல் பன்னிரண்டு பேரின் ஹிப்போகேம்பஸில் மட்டும் எலியில் பார்த்த அதே மாற்றம். பன்னிரண்டு பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. ஆனாலும் ராத்திரி ஒரு மணிக்கு அதைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர்ப் பெயரைப் பற்றி அப்போதுதான் யோசித்தேன். சூரபத்மனோடு போர் முடித்து வந்த முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த இடம், அதனால் தணிகை என்பார்கள். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் கடற்கரை கொள்ளாத கூட்டத்தோடு சூரசம்ஹாரம் நடக்கும். எங்கள் ஊரில் கிடையாது. சாமிக்குக் கோபம் தணிந்துவிட்டதே, இனி எதற்குச் சம்ஹாரம் என்று அன்றைக்குப் பூவால் அர்ச்சனை செய்வார்கள். ‘ஏன் நம்மூர்ல சூரன வெட்ட மாட்டாங்க’ என்று சின்ன வயசில் எனக்குக் குறையாக இருந்தது.

என் எண்ணிக்கையும் தணிவதற்காகத்தான் இருந்திருக்க வேண்டும். இத்தனாவது எண்ணோடு ஆபத்து முடியும் என்று எனக்கு நானே ஒரு வாசல் வைத்துக்கொண்டேன். ஹிப்போகேம்பஸ் செய்ய வேண்டிய வேலையை எட்டு வயசுப் பெண் வாயால் செய்துகொண்டிருந்தாள்.

ஹார்வர்டைச் சேர்ந்த மார்ட்டின் டெய்ச்சர் என்ற மனநல மருத்துவர் பல வருஷமாக இதையே ஆராய்கிறவர். குழந்தையில் துன்பப்பட்டவர்களின் ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருப்பதை அவருடைய குழுவும் மற்றவர்களும் எம்ஆர்ஐயில் கண்டிருக்கிறார்கள். அவர் சொல்வதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொன்று. துன்பம் எந்தப் புலன் வழியாக வந்ததோ, அந்த வழியிலேயே மாற்றம் தெரிகிறது. வீட்டில் சண்டையைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பார்வைப் பகுதியில், ஓயாமல் திட்டு வாங்கி வளர்ந்தவர்களுக்குக் கேள்விப் பகுதியில். இதை அவர் பழுது என்றே சொல்வதில்லை. அந்த வீட்டில் பிழைத்திருக்க மூளை செய்துகொண்ட ஏற்பாடு என்கிறார். எனக்கு அது சரியாகப் படுகிறது. 2012இல், அந்தத் தெருவில், என் காது செய்தது சரியான வேலை. அந்த வேலை முடிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ரீல்ஸ் காலத்தில் இதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. காபி ஆறிப்போனால்கூட ட்ராமா என்கிறார்கள். பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவம் சுற்றுகிறது, நானும் போட்டுப் பார்த்தேன். எனக்கு நான்கு மார்க். நான்கும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு மனச்சோர்வும் போதைப்பழக்கமும் தற்கொலை முயற்சியும் பல மடங்கு அதிகம் என்று போட்டிருந்தது. ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம்தான் அந்தப் படிவத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சான் டியாகோவில் உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்திய வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் ஓடிப்போவதைப் பார்த்துக் காரணம் தேடினார். அது அவர்களின் குழந்தைப் பருவத்தில் போய் நின்றது. ராபர்ட் ஆண்டாவோடு சேர்ந்து பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். 1998இல் வெளிவந்த முதல் கட்டுரையிலேயே, பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதாவது ஒன்றுக்காவது ஆம் என்று சொல்லியிருந்தார்கள். பல மடங்கு என்பது அத்தனை பேரை மொத்தமாக வைத்துச் சொன்னது. தனி ஒரு ஆளுக்கு என்ன ஆகும் என்று அந்த மார்க்கை வைத்துச் சொல்லக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். அந்த வரி ரீல்ஸில் வருவதில்லை.

எனக்கு அந்தப் படிவத்தோடு வேறொரு சண்டையும் உண்டு. பத்துக் கேள்வியும் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அடித்தாரா, திட்டினாரா, குடித்தாரா. அடித்தவருக்கு அந்த வாரம் கூலி வந்ததா என்று ஒரு கேள்வி இல்லை. இலங்கையின் வடகிழக்கில், போரையும் சுனாமியையும் பார்த்த தமிழ்ப் பிள்ளைகளை வைத்து 2008இல் வந்த ஆய்வொன்று, போரை அதிகம் கண்ட பிள்ளைகளுக்கும், அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் வீட்டில் அடியும் அதிகம் என்று சொன்னது. வெளியே நடந்தது வாசல் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே தமிழில் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘மனவடு’. ட்ராமா என்பதற்கு இதைவிட நல்ல தமிழ்ச் சொல்லை நான் பார்க்கவில்லை. புண் ஆறியிருக்கும். தொட்டால் தெரியும். போரோடு மின்வெட்டை ஒப்பிடவில்லை. வாசல் தாண்டி வருவது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் இதற்குக் கணக்கு எடுத்தார்களா என்றால், எடுத்தார்கள். ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்கள், 12,447 குழந்தைகள். மூன்றில் இரண்டு பேர் அடிவாங்கியவர்கள். குடும்பத்துக்குள் அடிவாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தது பெற்றவர்கள்தான். அந்தப் பதின்மூன்றில் ஆந்திரா இருக்கிறது, தமிழ்நாடு இல்லை. 1960இல் எல்லையை வேறு மாதிரிப் போட்டிருந்தால் எங்கள் ஊரும் அந்தக் கணக்குக்குள் வந்திருக்கலாம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். மூன்றில் இரண்டு என்றால், எங்கள் தெரு ஒன்றும் தனித் தெரு இல்லை. எங்கள் வகுப்பில் அறுபது பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் இப்போது யாருக்கோ மேனேஜராக, யாருக்கோ அம்மாவாக இருக்கிறார்கள்.

ஆலோசகர் எனக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள், நானாகவே, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். ஃபிரிட்ஜும் ஃபேனும் நிற்கும். எண்ணக் கூடாது. பயம் ஏறினால் ஏறட்டும், இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் வீட்டம்மா ஒருநாள் கதவைத் தட்டி, “பில்லு கட்டலியாம்மா?” என்று கேட்டார். முதல் தடவை நாற்பது விநாடி தாங்கவில்லை, ஓடிப்போய்ப் போட்டுவிட்டேன். ஆகஸ்டில் நான்கு நிமிஷம். பயத்தைச் சாகும்வரை ஏறிக்கொண்டே போகிற ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு இடத்தில் நின்று, அலுத்துப்போன மாதிரித் திரும்புகிறது. மூளை பழைய ஞாபகத்தை அழிப்பதில்லை என்று ஆலோசகர் சொன்னார். அதன்மேலேயே இன்னொன்றை எழுதிக்கொள்கிறது. சத்தம் நின்றது, யாரும் வரவில்லை. சத்தம் நின்றது, இன்றைக்கும் யாரும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்ப. தூக்கம் சரியாகாமல் போனால் பழையது மேலே வந்துவிடும். அக்டோபரில் இரண்டு வாரம் வந்தது.

நைனாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. அந்த ஷெட் இல்லை, தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். முப்பது வருஷத் தறியில் காது பாதி போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கத்திப் பேசுவார். அடிப்பது என்பது அவர் உடம்பிலிருந்தே போய்விட்டது. தம்பியின் பெண் குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். எரிச்சல்தான் முதலில் வரும். அப்புறம் அந்த எரிச்சலுக்காக வெட்கம் வரும்.

டிசம்பர் 31 ராத்திரி எங்கள் ஊரில் படித் திருவிழா. வருஷத்துக்கு 365 நாள் என்று மலைக்கு 365 படி. ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்காரனுக்கு மாலை போட்டு வணங்குவதை விட்டு முருகனை வணங்கட்டும் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் நூறு வருஷத்துக்கு முன்னால் தொடங்கி வைத்தது என்பார்கள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு கோஷ்டி கோஷ்டியாக ஏறுவார்கள். நைனா முட்டிவலிக்காக வேண்டிக்கொண்டிருந்தார், அந்த முட்டியோடேயே ஏற வேண்டும் என்றார். அம்மாவால் முடியாது. தம்பிக்கு நைட் ஷிப்ட். “நீ வாயேன் பாப்பா” என்றார். போனேன்.

சரவணப் பொய்கைப் பக்கமிருந்து ஏறினோம். படியெல்லாம் எண்ணெய், குங்குமம், கற்பூரக் கரி. இருபது படிக்கு ஒருமுறை நைனா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பார். பாதிக்கு மேல் போயிருப்போம், எங்களுக்கு முன்னால் போன கோஷ்டி ஒரு பாட்டை முடித்தது. ஜால்ரா, கஞ்சிரா, குரல் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. யாரோ நைனாவின் கையில் திருநீறு கொட்டினார்கள். அவர் எனக்குப் பூசிவிடக் கையைத் தூக்கினார்.

நான் குனிந்துவிட்டேன். இடது கை முகத்துக்கு முன்னால் வந்திருந்தது. ஒரு நொடிதான். உடனே நிமிர்ந்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். நைனாவின் கை அப்படியே நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

கீழிருந்து வந்த ஒரு பாட்டியம்மா, நான் தடுமாறிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும், “பாத்து ஏறும்மா, வழுக்குது” என்று என் தோளைப் பிடித்தார்.

“சின்னதுல ஒருக்கா இங்கதான் விழுந்துட்டா” என்றார் நைனா, வழக்கம்போல எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அப்புறம் கையில் இருந்த திருநீற்றைப் பார்த்தார். “விழல. நான்தான் அட்ச்சேன். கை உடஞ்சிபோச்சி.”

பாட்டியம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “முருகா” என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குக் குங்குமம் வைக்கக் குனிந்தார். மேலே அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது.

நாங்கள் ஒதுங்கிச் சுவரோரமாக உட்கார்ந்தோம். நான் நைனாவின் உள்ளங்கையிலிருந்து திருநீற்றை எடுத்து நானே பூசிக்கொண்டேன். அவர் மீதியைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டார். கீழே ஊர் முழுக்க விளக்கு எரிந்தது. டீ விற்கும் பையன் கேனோடு வந்தான், இரண்டு வாங்கினோம். ரொம்பச் சர்க்கரை. நைனா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, முட்டியைத் தடவி, “இன்னும் எத்தினி படி இருக்குது?” என்று கேட்டார்.

“நூத்திப் பதினேழு” என்றேன். எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.